போருக்குப் பின் சூடும் பூ

ஈஸ்ட் ஹாம்

பிற்பகல் நான்கரை மணிக்கே இருண்டுவிடும் வானமும், மழையென்றும் பனியென்றும் பிரித்துச் சொல்ல முடியாமல் கசிந்துகொண்டேயிருக்கும் ஈரமும், அந்த ஈரத்துக்கு இசைவாகக் கறுப்பும் சாம்பலுமாக உடுத்து விரையும் ஜனங்களுமாக, வெயிலில் வளர்ந்த நம்மைப் போன்றவர்களின் உற்சாகத்தையெல்லாம் வடித்துவிடும் நவம்பர் மாதத்து லண்டன் நகரத்தில், கண்ணுக்கு ஒளியாக இருப்பது ஒன்றே ஒன்று: மேலங்கிகளின் இடப்பக்கத்து மார்பில் குத்தப்பட்டிருக்கும் சிவப்புக் காகிதப் பூ. வங்கி அதிகாரி முதல் பஸ் ஓட்டுநர் வரை அதை அணிந்திருக்கக் கண்டேன், அணியாதவர்களையும் கண்டேன், அந்த இரு சாராரையும் பற்றிய விசாரமே இந்தப் பிரயாணம் முழுவதும் எனக்கு வழித்துணையாயிற்று.

பாப்பி எனப்படும் அந்தச் செடி, நாம் குருமாவுக்கும் பாயசத்துக்கும் அரைத்துவிடும் கசகசாவுக்கு நெருங்கிய உறவு. ஆனால் அபினி தரும் ஜாதி அன்று. ஐரோப்பிய வயல்களில் கோதுமைக்கு நடுவே களையாக முளைக்கும் அதன் விதை, பல வருஷங்கள் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, மண் கிளறப்பட்டு வெளிச்சம் படும்போது முளைக்கும் இயல்புடையது. 1914 முதல் 1918 வரை பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்ஸிலும் பீரங்கிக் குண்டுகள் உழுத உழவை எந்த உழவனும் உழுததில்லையாதலால், வேறு பயிர் எதுவும் நிற்காத அந்தப் பூமியில் இந்தக் களை மட்டும் காடாகப் பூத்தது. அது பூப்பது கோடையில். மக்கள் அணிவதோ, யுத்தம் நின்ற நவம்பர் 11-ஆம் தேதியை ஒட்டி. எனவே காகிதத்தில் செய்துதான் தீரவேண்டும்.

ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில், முருங்கைக்காயும் இராசவள்ளிக் கிழங்கும் ஒடியல் மாவும் அடுக்கியிருந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் கடையில், காசுப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இந்தப் பூக்கள் நிறைந்த அட்டைப்பெட்டியும் ஓர் உண்டியலும் இருந்தன. என்ன விலை என்று கேட்டேன்.

“விலையெண்டு ஒண்டும் இல்லை, ஐயா. விரும்பினதைப் போடுங்கோ. செத்த ஆக்களுக்கு விலை போடேலாதுதானே” என்றார்.

அவருடைய சட்டையில் பூ இல்லை. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

“பிள்ளையள் ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குக் குத்திக்கொண்டு போயினம். நான் மாசக் கடைசியில குத்துறது வேற பூ.”

கார்த்திகைப் பூ என்று நாம் சொல்லும் செங்காந்தளைத்தான் அவர் குறிப்பிட்டார். ஈழத்து யுத்தத்தில் மாண்ட போராளிகளை அவருடைய மக்கள் நினைவுகூரும் நாள் நவம்பர் 27. தம் தம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். மூன்றாவது வார்த்தை வராமையால், உள்ளே திரும்பித் தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவரச் சொன்னார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே, உண்டியலில் யார் அதிகம் போடுகிறார்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன விடையை நான் எளிதில் மறப்பதற்கில்லை.

“வயசுபோன வெள்ளைக்காரச் சனமும், எங்கட சனமும். சண்டையின்ர செலவு தெரிஞ்ச ஆக்கள்.”

ரிச்மண்ட்

தேம்ஸ் நதி வளைந்து செல்லும் ரிச்மண்ட், லண்டனின் ஆரவாரத்துக்குள் அடங்காத ஊர். இலையுதிர்ந்த மரங்களுக்கிடையே நதி மண்ணிறமாக ஓடியது. ஸ்டேஷன் வாசலில், கழுத்தில் மாட்டிய தட்டில் பூக்களை ஏந்தி நின்ற முதியவர் ஒருவர், தாம் சேனையில் பணிபுரிந்தவர் என்றும், இந்த ஊரில்தான் பூத்தொழிற்சாலை வளர்ந்தது என்றும் பெருமையோடு சொல்லத் தொடங்கினார். தம் பையிலிருந்து பழைய காலத்துப் பூ ஒன்றை எடுத்து, பச்சைத் தண்டு, பச்சை இலை, சிவப்புக் காகிதம், நடுவில் கறுப்புக் குமிழ் என்று நான்காகப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு தம் வலக்கையை முதுகுப்புறம் மடக்கிக்கொண்டு, இடக்கை விரல்களாலேயே தண்டின் முனையில் காகிதத்தைச் செருகி, இலையைக் கோத்து, கட்டைவிரலால் குமிழை அழுத்தினார். ‘டக்’ என்று ஒரு சப்தம், பூ முடிந்துவிட்டது. ஒரு கையை இழந்தவனும் செய்யும்படியாக வேண்டுமென்றே அமைத்த பூ அது என்று அவர் சொன்னபோது, அதுவரை அலங்காரமாக என் கண்ணில் பட்டது ஒரு ஜீவனோபாயமாக மாறிற்று.

பூவின் சரித்திரமும் அப்படிப்பட்டதே. 1918-ஆம் வருஷம் நவம்பர் மாதம், யுத்தம் நிற்பதற்கு இரண்டு நாள் முன்பு, மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை, போர்க்களத்துப் பாப்பிகளைப் பற்றிய கவிதை ஒன்றை ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, இனி என்றும் அந்தப் பூவை அணிவதென்று விரதம் பூண்டார். ஆனா கெரன் என்ற பிரெஞ்சு மாது அந்த விரதத்தை ஒரு தர்மமாக விரித்து, விதவைகளையும் குழந்தைகளையும் கொண்டு துணிப்பூக்கள் செய்வித்து நாடு நாடாக எடுத்துச் சென்றார். 1921-ஆம் வருஷம் நவம்பர் 11-ஆம் தேதி பிரிட்டனில் நடந்த முதல் பாப்பி தினத்தில் தொண்ணூறு லட்சம் பூக்கள் விற்று, ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுன் சேர்ந்தது. மறு வருஷமே மேஜர் ஜார்ஜ் ஹௌசன், அங்கஹீனமடைந்த ஐந்து சிப்பாய்களை வைத்துக்கொண்டு லண்டனில் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். சில வருஷங்களில் அது ரிச்மண்டுக்குப் பெயர்ந்தது. இறந்தவர்களின் பெயரால் அணிந்தாலும், இருப்பவர்களின் அடுப்பெரிவதற்காகவே அந்தப் பூ பிறந்தது.

நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் டிசம்பர் 7-ஆம் தேதி சட்டையில் குத்திக்கொள்ளும் கொடிநாள் கொடியும் இதே வம்சத்தைச் சேர்ந்ததுதான். வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவிலும் நவம்பர் 11-இல் பாப்பிப் பூவே விற்றது. சுதந்திரம் வந்த பின்னர் 1949-இல் நமக்கென்று தனி நாள் வகுத்தார்கள். ஆனால், சேர்ந்த பணம் எவன் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்ற கேள்வியை நமக்கு முன்பே எழுப்பிவிட்டது இலங்கை. அங்கே திரட்டப்பட்ட பாப்பிப் பணத்தில் பெரும்பகுதி பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கே போவதைக் கண்டு மனம் கசந்த முன்னாள் படையினர், ஏலியன் பெரேரா என்பவரின் முயற்சியால், 1931-இல் அதே நாளன்று பூவரசம் பூவை விற்கத் தொடங்கினார்கள். சிங்களத்தில் சூரிய மல் என்று பெயர் பெற்ற அந்த இயக்கத்தை இளைஞர்கள் ஏற்று வளர்த்தார்கள். கொழும்பில் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாக இருந்த டோரீன் யங் என்ற ஆங்கிலேய மாதே, பூக்களின் போர் என்று தலைப்பிட்டுத் தம் நாட்டுப் பூவுக்கு எதிராகப் பத்திரிகையில் எழுதினார். நம் வாய்க்கால் கரைகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் பூவரசுக்கு அத்தகைய ஒரு வீர சரித்திரம் உண்டு.

வைட்ஹால்

நவம்பர் 11-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் வைட்ஹால் வீதியில் நின்ற ஜனத்திரளை நம் ஊர்த் தேர்க்கூட்டத்தோடு ஒப்பிடலாமே தவிர, சப்தத்தில் ஒப்பிட முடியாது. வீதியின் நடுவே எட்வின் லுட்யன்ஸ் வகுத்த நினைவுத்தூண் நிற்கிறது. 1919-இல் மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகமாக எழுப்பிய அதை, ஜனங்கள் மலர்களால் மூடி அகற்ற விடாமல் செய்துவிட்டமையால், மறு வருஷமே கல்லில் கட்டினார்கள். அதில் சிலுவை கிடையாது. எந்த மதத்தின் சின்னமும் கிடையாது. நேராகத் தோன்றும் அதன் பக்கங்கள் உண்மையில் நேரானவை அல்ல. மேல்நோக்கி நீட்டிக்கொண்டே போனால் ஆயிரம் அடி உயரத்தில் ஒன்று கூடும்படி நுட்பமாகச் சாய்ந்தவை. உள்ளே யாருடைய உடலும் இல்லாத அந்த வெறுங்கல்லறையின் முன்பு, மணி பதினொன்று அடித்து, பீரங்கி ஒருமுறை முழங்கியதும், அத்தனை ஆயிரம் பேரும் இரண்டு நிமிஷம் மௌனமானார்கள். ஒரு குழந்தை இருமியது. எங்கோ ஒரு கொடிக்கயிறு கம்பத்தில் தட்டிக்கொண்டிருந்தது. வேறு ஓசை இல்லை.

மன்னர் வைத்த மாலைக்குப் பின்னர், காமன்வெல்த் நாடுகளின் பிரதிநிதிகளுடைய மாலைகளோடு நம் நாட்டின் மாலையும் அந்தக் கல்லடியில் சேர்ந்தது. அப்போது என் மனம் புறநானூற்றுக்குப் போயிற்று. வெட்சி சூடி ஆநிரை கவர்வதும், கரந்தை சூடி மீட்பதும், வஞ்சி சூடி மண் கொள்ளப் புறப்படுவதும், உழிஞை சூடி மதிலை வளைப்பதும், நொச்சி சூடிக் காப்பதும், தும்பை சூடி நேர்நின்று பொருவதும், வாகை சூடி வெல்வதுமாகப் போரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பூவை வகுத்த நம் முன்னோர், மாண்டவனுக்கென்று ஒரு பூவைச் சூடவில்லை; கல் நட்டார்கள். ஒல்லையூரில் பெருஞ்சாத்தன் மாண்டபோது, இனி யாரும் சூடப்போவதில்லை, நீ ஏன் பூத்தாய் என்று முல்லைக்கொடியைப் பார்த்துக் குடவாயிற் கீரத்தனார் கேட்டார். பூவைத் துறப்பது நமக்குத் துக்கம். பூவை அணிவது இவர்களுக்குத் துக்கம். நம்முடைய பூ போருக்கு முன் அணிவது, ஆகையால் வீறு. இவர்களுடையது போருக்குப் பின் அணிவது, ஆகையால் கடன்.

ஆனால் அந்தக் கடன் மீண்டும் வீறாகத் திரும்பிவிடக் கூடும் என்ற அச்சமும் இந்த நாட்டிலேயே பழமையானது. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண்மணி வெள்ளைப் பாப்பி அணிந்திருந்தார். 1933-இல் கூட்டுறவு மாதர் சங்கத்தினர், யுத்தத்தில் கணவனையும் மகனையும் பறிகொடுத்தவர்கள் பலர் அடங்கிய சங்கத்தினர், இனி யுத்தமே வேண்டாம் என்பதற்கு அடையாளமாகத் தொடங்கிய பூ அது. “என் பாட்டனாரை நான் மறக்கவில்லை, அவரைக் கொன்றதையும் மறக்கவில்லை” என்றார் அவர். வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துக் கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்லீன், 1972-இல் தம் ஊர் மக்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றதை நினைந்து, வருஷந்தோறும் இந்தப் பூவை அணிய மறுத்து வசை பெற்றவர். தொலைக்காட்சியில் தோன்றுவோர் அக்டோபர் மாதமே பூவை மார்பில் ஏற்றிவிடுவதையும், ஏற்றாதவரைச் சிலர் துரோகியென்று ஏசுவதையும் பார்க்கும்போது, கடனைத் தீர்ப்பவன் ரசீதை மார்பில் குத்திக்கொண்டு அலைய வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஈப்பர்

கடலைத் தாண்டி பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பிரதேசத்துக்குள் நுழைந்தால் மலையென்று சொல்லத்தக்க மேடு எதுவும் கண்ணில் படுவதில்லை. தஞ்சாவூர்ச் சமவெளியில் வெயிலை எடுத்துவிட்டு மூடுபனியை வைத்தாற்போன்ற பூமி. சர்க்கரைவள்ளி அளவில் தொடங்கித் தேங்காய் அளவு வரை பருத்த, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்குகளை வயலோரத்தில் குவித்திருந்தார்கள். அந்தக் கிழங்கோடு கிழங்காக, வெடிக்காத பழைய பீரங்கிக் குண்டுகளையும் உழவர்கள் இன்றளவும் தோண்டியெடுத்து, ராணுவத்தார் வந்து அப்புறப்படுத்தும்வரை சாலையோரம் வைத்துவிடுகிறார்கள். இதற்கு இரும்பு அறுவடை என்று பெயர். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அறுத்து முடியவில்லை.

யுத்தத்தில் தரைமட்டமாகிப் பின்னர் பழைய வடிவிலேயே எழுப்பப்பட்ட ஈப்பர் நகரின் சதுக்கத்தில், காகிதச் சுருளில் வாங்கிய சுடச்சுட உருளைக்கிழங்கு வறுவல் அந்தக் குளிருக்கு அமிர்தமாயிருந்தது. ஊரின் கிழக்கு வாயிலான மெனின் கேட், ரெஜினால்ட் புளோம்ஃபீல்டு வரைந்து 1927-இல் திறக்கப்பட்டது. கல்லறை கிடைக்காத ஐம்பத்துநாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்களை அதன் உட்சுவர் முழுவதும் வெட்டியும் இடம் போதாமல், மிஞ்சிய பெயர்களை வேறோர் இடுகாட்டுச் சுவரில் வெட்ட வேண்டியதாயிற்று. சீக்கிய, கூர்க்கா, பட்டாணியப் பெயர்களும் அவற்றுள் உண்டு.

இரவு எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஊதுகொம்போடு வந்து நின்றவர்கள் சிப்பாய்கள் அல்லர். அந்த ஊர்த் தீயணைப்புப் படையின் தொண்டர்கள். மாண்டவர்களுக்காக இரவுதோறும் கொம்பூதும் இந்த வழக்கம் 1928-இல் தொடங்கி, ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்த நான்கு வருஷங்கள் மட்டும் நின்று, 1944 செப்டம்பரில் போலந்துப் படை ஊரை மீட்ட அன்று மாலையே மீண்டும் தொடங்கியது. நவம்பர் 11-ஆம் தேதி காலையில், வளைவின் உச்சித் துவாரங்களிலிருந்து பாப்பி இதழ்களை மழையாக உதிர விடுவார்கள் என்று பக்கத்தில் நின்ற உள்ளூர் மாது சொன்னார். “நாங்கள் தினமும் வருவதில்லை. ஆனால் எட்டு மணிக்கு அந்த ஒலி கேட்காவிட்டால் இரவுச் சாப்பாடு இறங்காது” என்றும் சொன்னார்.

எஸ்ஸெக்ஸ் பண்ணையும் லாங்கமார்க்கும்

ஈப்பருக்கு வடக்கே, கால்வாயின் கரையில், எஸ்ஸெக்ஸ் பண்ணை என்ற இடத்தில், காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்ட சிமெண்டு அறைகள் சில இன்னும் நிற்கின்றன. 1915 மே மாதம் இந்தக் கரையில் பணிபுரிந்த கனடா நாட்டு மருத்துவர் ஜான் மெக்ரே, தம் நண்பன் அலெக்ஸிஸ் ஹெல்மர் குண்டில் சிதறிய துக்கத்தில் எழுதியதே, மொய்னா மைக்கேல் படித்த அந்தக் கவிதை. அதைப் புகழ்பவர்களும் இகழ்பவர்களும் பெரும்பாலும் அதில் பாதியையே படிக்கிறார்கள். சிலுவைகளுக்கிடையே பாப்பி அசைவதையும், நேற்றுவரை வாழ்ந்து நேசித்தவர்கள் இன்று கிடப்பதையும் சொல்லும் முற்பகுதி கையறுநிலை. பகைவனோடு பூசலை நீங்கள் தொடருங்கள், இல்லையேல் எங்களுக்கு உறக்கமில்லை என்று மாண்டவர்கள் உயிரோடிருப்பவர்களை ஏவும் பிற்பகுதி தும்பைத் திணை. ஆள் சேர்க்கவும் யுத்தக் கடன் பத்திரம் விற்கவும் அந்தப் பிற்பகுதியே பயன்பட்டது. ஆக, வீறும் கடனும் இந்தப் பூவில் பின்னால் வந்து கலந்தவை அல்ல. ஒரே காம்பில் பிறந்தவை. மெக்ரேயும் யுத்தம் முடிவதைக் காணவில்லை. 1918 ஜனவரியில் நிமோனியா ஜுரத்தால் மாண்டார்.

பக்கத்து இடுகாட்டில் பதினைந்து வயதில் மாண்ட ஒரு பையனின் கல்லருகே மட்டும் காகிதப் பூக்களும் சிறு மரச்சிலுவைகளும் குவிந்திருந்தன. பள்ளிப் பிள்ளைகள் வைத்துவிட்டுப் போனவை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது இந்த இடுகாடுகளின் நியதி.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் லாங்கமார்க்கில் இருப்பது ஜெர்மானியர்களின் இடுகாடு. ஓக் மரங்களின் நிழலில் தரையோடு தரையாகப் பதித்த கற்கள், நாற்பத்துநாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், அவர்களுள் பாதிக்கு மேல் ஒரே குழியில். தலை கவிழ்ந்து நிற்கும் நான்கு வெண்கல உருவங்கள் உண்டு; வீறு பேசுவது எதுவும் இல்லை. பாப்பி இவர்களுடைய பூ அன்று. ஆயினும் ஒரு கல்லின் மேல் யாரோ ஆங்கிலேயர் விட்டுச்சென்ற காகிதப் பாப்பி மழையில் ஊறிச் சாயம் போய்க் கிடந்தது. கடனைக் கடன்பட்ட இடத்தில் தீர்ப்பது நியாயம். கடன்படாத இடத்திலும் தீர்ப்பவனை நம் நாட்டில் சான்றோன் என்போம்.

நவ் ஷப்பெல்

எல்லையைத் தாண்டிப் பிரான்ஸுக்குள் தெற்கே சென்றால், சாலைகள் சந்திக்கும் ஒரு முனையில், மேகத்தின் கீழ், ஃபிளாண்டர்ஸுக்குச் சிறிதும் பொருந்தாத ஒரு காட்சி தோன்றுகிறது: தலையில் தாமரை விரிந்த உயரமான கல்தூண், அதன் இருபுறமும் காவலிருக்கும் கற்புலிகள், சாஞ்சியை ஞாபகப்படுத்தும் துளையிட்ட வட்டச் சுவர். 1915 மார்ச் 10-ஆம் தேதி இங்கே தொடங்கிய சண்டையில் பாய்ந்த படையில் சரிபாதி இந்தியர்கள். ஹெர்பர்ட் பேக்கர் அமைத்து 1927-இல் திறந்த இந்த மண்டபத்தில், கல்லறை இல்லாத நாலாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. இறைவன் ஒருவனே, வெற்றி அவனுடையதே என்ற பொருளுள்ள வாசகம் நான்கு எழுத்துக்களில் வெட்டப்பட்டிருக்கிறது. இந்த மண்ணில் பொருதவர்கள் பெரும்பாலும் வடநாட்டவர்கள். மதராஸ் மாகாணத்துப் படைகள் அதிகமாகப் போனவை மெசொபொடேமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும்.

புல்லை ஒழுங்கு செய்துகொண்டிருந்த தோட்டக்காரர், பஞ்சாபிலிருந்தும் கர்வாலிலிருந்தும் குடும்பங்கள் வருவதுண்டென்றும், வந்தவர்கள் பூ வைப்பதற்கு முன் விரலால் பெயரைத் தடவிப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். “பெயர் தெரிந்தால்தானே ஐயா வரமுடியும்?” என்றார்.

அந்தக் கேள்விதான் இந்தப் பிரயாணத்தின் சாரம். அந்த மெசொபொடேமியாவில் உள்ள பாஸ்ரா நினைவுச் சுவரில் அதிகாரிகளின் பெயர்களை வெட்டியவர்கள், இந்தியச் சிப்பாய்களுக்கு மட்டும் ரெஜிமெண்டின் பெயரையும் மாண்டவர்களின் எண்ணிக்கையையும் வெட்டினார்கள். இத்தகைய பாரபட்சத்துக்காகக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021-இல் மன்னிப்புக் கேட்டது. நம் ஊர்களிலும், இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகாயுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிய சலவைக்கற்கள் சில சுவர்களில் பதிந்திருக்கின்றன. எண் இருக்கிறது; பெயர் இல்லை. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், திருடரோடு போராடிய கோவிவன் என்ற நாய்க்கும் பெயர் பொறித்துக் கல் நட்ட நாடு நம்முடையது.

பூவை அணிவதா, வேண்டாமா என்பதில் எனக்கு இப்போது வழக்கில்லை. இருப்பவனுக்குப் பொருள், இறந்தவனுக்குப் பெயர் என்ற இரண்டு கடன்களையும் அது ஞாபகப்படுத்துமானால், சிவப்போ வெள்ளையோ பூவரசோ கார்த்திகையோ, எந்தப் பூவும் நல்ல பூவே. ஞாபகப்படுத்தாவிடில் தும்பையைக் காகிதத்தில் செய்து அணிந்த கதைதான். நமக்குப் பூவைவிட அவசரமானது ஒன்று உண்டு. போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேடுகள் இன்று எவரும் பார்க்கத்தக்கவை. நம் மாவட்டக் கல்லூரி ஒவ்வொன்றின் சரித்திர மாணவர்களும் தங்கள் பக்கத்துச் சலவைக்கல்லை எடுத்துக்கொண்டு, அந்த எண்ணுக்குள் அடங்கிய மனிதர்களின் பெயர்களையும் ஊர்களையும் தகப்பன்மார் பெயர்களையும் தேடியெடுத்து, பக்கத்திலேயே தமிழில் ஒரு கல் வைக்கட்டும். கொடிநாள் உண்டியலில் பத்து ரூபாய் போடுவதைவிட அது சற்றுக் கடினமான காரியம். ஆனால் கல் நட்டுப் பழகிய ஜாதிக்கு அது புதிய காரியம் அன்று.